கராச்சி முதல் கெய்ரோ வரை கூட்டாத வீடு

பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளியூர் கிளம்பினால், அவர் போய்ச் சேரும்வரை அம்மா வீட்டைக் கூட்டவே விடமாட்டாள். கூட்டினால் போனவருக்கு ஆகாதாம். பக்கத்தில் நல்லம்பள்ளிக்குப் போனால் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். சண்டைக் காலத்தில் என் அண்ணன் பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காகச் சேர்ந்து முதல் தடவை கப்பலேறியபோது வீடே குப்பைமேடாகிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

லீவில் வந்தவனைப் பட்டாளம் ஒரு வருஷம் பக்கத்து ஊர் டிப்போவில் வைத்திருந்து மறுபடி அனுப்பியது. அண்ணிக்கு அப்போது நிறைமாதம். கிளம்பும்போது அண்ணன் சொன்னான்: "இந்தத் தடவை கராச்சி வரைக்கும்தான் ரயிலு. அங்கிருந்து கெய்ரோவுக்கு ஏரோப்ளேன்ல கொண்டு போறாங்க."

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "கப்பலுன்னா கீழ தண்ணியாவது இருக்கும். இதுக்குக் கீழ என்னடா இருக்குது?"

கராச்சியிலிருந்து அவன் தந்தி வந்தது: இன்று ஏறுகிறேன். நான் பள்ளிக்கூட அட்லாஸை விரித்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் மைல். மணிக்கு நூற்றைம்பது மைல் பறக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். ராத்திரி எங்காவது இறங்கித் தங்கினாலும் இரண்டு நாள் போதும்.

"கப்பலு வாரக்கணக்குல போன தூரம்டி அது. வாயை மூடு" என்றாள் அம்மா.

தந்தி வந்த நாலாம் நாள், வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அண்ணிக்கு வலி எடுத்தது. ஓடி வந்த மருத்துவச்சி உள்ளே கால் வைத்ததுமே கத்தினாள்: "ஏங்க, இந்தப் புழுதியிலயா புள்ளையைப் போடறது?"

அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "உன் கணக்கு நெசந்தானா? அவன் போய்ச் சேந்திருப்பானா?"

"சேந்திருப்பாம்மா."

அழுதுகொண்டே கூட்டினாள். பெண் குழந்தை பிறந்தது. வீடெல்லாம் சந்தோஷம், எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கணக்கு தப்பியிருந்தால்? சுகமாகச் சேர்ந்தேன் என்று அடுத்த தந்தி வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

சண்டை முடிந்து அண்ணன் ஊர் திரும்பினான். மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பயணத்தைச் சொன்னான். பாதி வழியில் பாலைவனத்தில் மணல்காற்று பிடித்துக்கொண்டதாம். ஏரோப்ளேனை இறக்கி நிறுத்திவிட்டார்களாம். "கண்ணைத் தொறக்க முடியலம்மா. வெள்ளிக்கிழமை காலையிலதான் அடங்குச்சு. அதுக்கப்புறம்தான் கிளம்புனோம்."

நாங்கள் கூட்டியபோது அவன் பாதி வழியில்தான் இருந்திருக்கிறான். பேச்சை மாற்று என்று ஜாடை காட்டினேன், அவனுக்குப் புரியவில்லை.

அம்மா பேத்தியைப் பார்த்தாள். "இவ பொறந்த வெள்ளிக்கிழமையா? நாங்க இங்க கூட்டினோம், அங்க உனக்கு மண்ணு அடங்கிப்போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், அவர் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா கூட்ட ஆரம்பித்துவிடுவாள்.