வாயாடி கையைக் கட்டிப்போட்ட நாள்

அவளுக்குத் தெருவே வைத்த பெயர் வாயாடி. அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் காது கேட்காது. வீட்டுக்கு இருந்த ஒரே வாய் அவளுடையது. குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டது, அப்பாவின் வயிற்றுவலியை டாக்டரிடம் விவரித்தது, அம்மா தைத்த துணியில் குறை சொல்ல வந்தவர்களைப் பேசியே விரட்டியது, எல்லாம் அவள்தான். நாலு பேர் பேச்சையும் ஒருத்தி பேசினால் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். பிற்பாடு அதையே பிழைப்பாக்கிக்கொண்டு, கல்லூரியில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

தம்பி அதே கல்லூரியில் தத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று சேர்ந்தான். வந்தது வினை. மீவியற்பியல், அறிவாய்வியல் என்று வாத்தியார் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார். எதற்கும் சைகை கிடையாது. ஒவ்வோர் எழுத்தாக விரலில் காட்டிக் காட்டி அக்காவுக்கு மணிக்கட்டு வீங்கியது. தம்பிக்கு ஒன்றும் ஏறவில்லை.

சரி, நாமே சைகை செய்வோம் என்று நாலு பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அறவியலுக்குச் சட்டம்னு காட்டிடலாம்" என்றாள் வாயாடி, கையால்தான்.

தம்பி அவள் கையைத் தட்டிவிட்டான். "சட்டம் யாரோ போட்டது. அது சரியான்னு கேக்குறதுதான்க்கா இது." தன் நெஞ்சில் கை வைத்து, அதே கையை அவள் பக்கம் நீட்டினான். எனக்கும் உனக்கும் நடுவில் எது சரி என்று அர்த்தம். அதுவே நிலைத்தது.

எது நிஜமாகவே இருக்கிறது என்று கேட்கும் மீவியற்பியலுக்கு அப்பா மேஜையைத் தட்டி, வெறுங்கையை விரித்தார். தர்க்கத்துக்கு அம்மா ஊசி பிடித்தாள், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல். அறிவாய்வியலுக்கு அலையவே வேண்டாம். கதவைப் பூட்டினேன் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் அம்மா நெற்றியில் விரல் வைத்துப் புருவத்தைத் தூக்குவாளே, எப்படித் தெரியும் என்று, அதுதான். அழகியலுக்கு அழகு என்று காட்டி ஒரு 'ஏன்' சேர்த்தார்கள். அதோடு சோறும் ஆறிப்போயிருந்தது.

பருவ முடிவில் வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் தம்பி வேறு துறைக்குப் போயாக வேண்டும். துறைத் தலைவி வாயாடியைக் கூப்பிட்டார்.

"அக்காவே மொழிபெயர்த்தா, பதில் தம்பியோடதுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

வாயாடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேள்வி நியாயமாக இருந்ததில் இன்னும் எரிச்சல். வெளியூரிலிருந்து வேறொரு மொழிபெயர்ப்பாளர் வருவார், அவள் உடன் இருக்கலாம், கை மட்டும் அசையக் கூடாது என்று முடிவானது.

தேர்வு அறையில் அவளுக்குக் கிடைத்த நாற்காலி எல்லோருக்கும் பின்னால், ஜன்னலோரம். தம்பி கண்ணுக்கு மட்டும்தான் அவள் தெரிவாள்.

"அறிவாய்வியலுக்கும் தர்க்கத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் தலைவி.

தம்பி நெற்றியில் விரல் வைத்தான், ஊசி பிடித்தான். வெளியூர்க்காரர் திணறினார். "ஏதோ தைக்கிறார்ங்க. எனக்குப் பிடிபடல."

வாயாடிக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜையில் செய்த சைகை அந்த நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? தம்பி அவளைப் பார்த்தான். எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சைகையில் ஒரு துப்புக் கொடுத்தால் போதும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி கண்ணை எடுத்துக்கொண்டு, பொதுச் சைகையிலேயே மெதுவாக ஆரம்பித்தான். வெளியூர்க்காரர் குரல் கொடுத்தார்.

"எங்கப்பா கதவைப் பூட்டினேன்னு சொல்வாரு. எப்படித் தெரியும்னு அம்மா கேப்பாங்க. அறிவுன்னா என்ன, சும்மா நம்புறதுக்கும் தெரிஞ்சுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்குறது அறிவாய்வியல். அப்பா சொல்வாரு, சாவி பையில இருந்தா பூட்டியாச்சுன்னு அர்த்தம், சாவி பையில இருக்கு, அதனால பூட்டியாச்சு. ஒண்ணுலேருந்து ஒண்ணு சரியா வருதான்னு பாக்குறது தர்க்கம். அதான் தையல். தையல் சரிதான். ஆனா பூட்டாமலும் சாவி பைக்குள்ள போகும். துணியே இத்துப்போனது."

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கதவே நிஜம் இல்லன்னா?"

தம்பி மேஜையைத் தட்டி வெறுங்கையை விரித்தான். இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அறவியல்?"

அவன் நெஞ்சில் கை வைத்து, அந்தக் கையை ஜன்னல் பக்கம் நீட்டினான். "அதோ எங்கக்கா. ஒரு விரலை ஆட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆட்டல. ஏன் ஆட்டலன்னு கேட்டா, அதுதான் அறவியல்."

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். வாயாடியின் கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன. தலைவி எழுந்து வந்து, "உங்க தம்பி எங்க துறையிலதான் இருப்பான்மா" என்றார். பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூர்க்காரர் வாசலில் தம்பியை நிறுத்தி ஐந்து சைகைகளையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டார், தன் ஊரில் சொல்லிக்கொடுப்பதற்கு.

வீட்டில் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, மகள் எங்கே போய்வந்தாலும் கேட்கும் கேள்வியையே கேட்டாள். "நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலம்மா. எல்லாம் அவனே சொன்னான்."

தம்பி நடந்ததைக் கையால் சொன்னான். அம்மா மகளின் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நாற்காலிப் பிரம்பின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அம்மா தன் நெஞ்சில் கை வைத்தாள். அந்தக் கையை மகளிடம் நீட்டினாள்.