தங்கச்சி நெஞ்சுக்குள் ஒரு பலூன்

“இதயத்துலருந்து நுரையீரலுக்கு ரத்தம் போற வால்வு திரும்பச் சுருங்கியிருக்கு. பலூன் வச்சு விரிச்சுப் பாக்கலாம். சரிவரலன்னா, கால் ரத்தக்குழாய் வழியாவே புது வால்வு வைக்கலாம்,” என்றார் டொக்டர், என் தங்கச்சி ஜெயாவிடம்.

பலூன் என்றதுமே ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஈர விறகுப் புகை என் மூக்கில் ஏறியது.

ஜெயாவுக்குச் சின்ன வயதில் கொழும்பில் பலூன் வைத்தார்கள். அது நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறதென்று லயமே நம்பியது. “அவளத் தொடாதடி, பலூன் வெடிச்சிரும்!” என்று அம்மா கத்துவாள். பீலியில் தண்ணீர் பிடித்து மேடேறியது நான். அடுப்பருகே கம்பளிக்குள் உட்கார்ந்து அவித்த முட்டை தின்றது அவள். என் ரிப்பனைப் பிடுங்கினாலும் அவளைத் திருப்பிக் கிள்ள முடியாது. தீபாவளிக்கு எங்கள் லயத்தில் மட்டும் வெடி கிடையாது. முட்டை அவிகிற வாசத்துக்கு இன்றும் எனக்கு வயிறு எரியும்.

“அப்ப அந்தப் பழைய பலூன் என்னாகும் டொக்டர்?”

அவர் சிரித்துவிட்டார். “விரிச்ச கையோட வெளிய எடுத்துருவோமேம்மா.”

ஜெயா தரையைப் பார்த்தாள். “எனக்கு அப்பவே தெரியும்க்கா. கிளினிக்ல டொக்டர் சிங்களத்துல சொன்னாரு. அம்மாவுக்கு வெளங்கல. நான் வார்டுல கெடந்து சிங்களம் பழகியிருந்தேன்ல.”

“ஏன்டி சொல்லல?”

“முட்டைய நிப்பாட்டிருவாங்களே.”

டொக்டர் முன்னாலேயே அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை.