பத்துக் கட்டில்கள்

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு ஆரையம்பதிப் பள்ளிக்கூடத்தில் முகாமிட்டிருந்தோம். அங்கே அரசாங்கத்தின் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் தினமும் வருவார். மெலிந்த மனிதர், முழங்கால்வரை மடித்த காற்சட்டையெங்கும் குளோரின் பட்டு வெளுத்த புள்ளிகள். மருந்து போட்ட கிணற்றின் முதல் கோப்பைத் தண்ணீரை எங்கள் முன்னால் அவரே குடித்துக் காட்டுவார். வயிற்றோட்டம் பரவினால் நோயாளிகளைப் படுக்கவைக்க, ஒரு வகுப்பறையில் பத்துக் கட்டில்கள் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்.

“ஐயா, தேத்தண்ணியும் மருந்து மணக்குது. புள்ளைகள் குடிக்குதுகள் இல்ல” என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன்.

“மணக்கட்டும் மகள். மணக்காத அண்டைக்குத்தான் நீங்க என்னோட சண்டைக்கு வரணும்” என்றார்.

முகாம் கலையும்வரை எங்கள் பிள்ளைகளில் ஒன்றுக்கும் வயிற்றோட்டம் வரவில்லை. கட்டில்களைத் திருப்பிக்கொண்டுபோக லொறி வந்த அன்று அவரைத் தேடினோம். ஒருவரும் படுத்திராத அந்தக் கட்டில்களில் ஒன்றில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார்.

“லொறி நிக்குது ஐயா.”

“நிக்கட்டும். ஒராளாவது படுக்க வேணாமா?” என்றவர், அடுத்த நிமிடமே குறட்டை விட்டார்.

மற்ற ஒன்பது கட்டில்களையும் பெண்கள் நாங்களே சத்தம் வராமல் தூக்கி ஏற்றினோம்.