ஒண்ணாம் நம்பர் அடிபம்பு

எங்கள் ஊரில் அடிபம்பு அடிக்கிற சத்தம் கேட்டால் இப்போதும் என் நடை நின்றுவிடும். அண்ணி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. படகைவிட்டு இறங்கினால் முதலில் காதில் விழுவது அந்தச் சத்தம்தான். கூடவே அவள் குரலும் வந்துவிடும். "பாப்பா, அந்தத் தண்ணிப் பேப்பரு வந்துச்சா?" பேய் பிசாசு என்று யாராவது பேசினால் நான் சிரிக்கிற ஆள். இந்தக் கேள்வியை மட்டும் சிரித்து விரட்ட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். வேறு யாராவது ஒருத்தி தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பாள்.

பழவேற்காடு கடைத்தெருவிலிருந்து படகேறினால் ஏரிக்குள் இருக்கிறது எங்கள் ஊர். அறிவியல் எங்களுக்குப் புதுசு என்று யாரும் சொல்லிவிட முடியாது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எல்லோரும் கரைக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்ப்போம், கைதட்டுவோம். புகை கலைந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விடுவோம். ஊரில் ஆறு அடிபம்பு இருந்தது. ஒன்றில் உப்பு, ஒன்றில் துரு வாடை, ஒன்று வெயில் காலத்தில் காற்றுதான் தரும். எது நல்ல தண்ணீர் என்பது எங்கள் ஊரில் தீராத வாக்குவாதம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது ஒரு காலேஜிலிருந்து தண்ணீரைச் சோதிக்க ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு மேடம் தலைமை. நல்ல மனுஷி, எங்கள் வீட்டில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஊரில் வீடு வீடாகக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டுமென்று என்னை வைத்துக்கொண்டார்கள். பம்புத் தண்ணீர், ஏரிச் சேறு, மீன் எல்லாவற்றையும் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்தார்கள். கடைசியில் பெண்களின் ரத்தமும் வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் சிக்கல். பல்லில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். எதற்கும் அஞ்சமாட்டார்கள், ஊசியென்றால் ஓடுவார்கள். எங்கள் அண்ணி அதில் முதல் ரகம். "அண்ணி, நீ குடுத்தாத்தான் மத்தவங்க குடுப்பாங்க" என்று நான்தான் கெஞ்சினேன். "எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாள். "உன் ஒடம்புல இன்னா இருக்குன்னு உனக்கே எழுதிக் குடுப்பாங்க" என்றேன். மேடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு ரத்தம் கொடுத்தாள். பட்டியலில் மூன்றாவது ஆள் அவள். பட்டியலை எழுதியது நான்.

பம்புகளுக்கு நம்பர் போட்டதும் நான்தான். எந்த பாட்டில் எந்த பம்பினுடையது என்று குழம்பக் கூடாதாம். எங்கள் நைனா படகுக்கு அடித்தது போக மீந்த நீலப் பெயிண்ட் வீட்டில் இருந்தது. படகுத்துறையிலிருந்து நடந்தால் முதலில் வருகிற பம்புக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று ஆறுவரை கொட்டை கொட்டையாக எழுதினேன். அதற்குமேல் அந்த எண்களுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

ஆனால் எங்கள் ஊரில் எண் என்பது வெறும் எண் இல்லை. ஏரியில் இறால் ஓடுகிற இடங்களைப் பாடு என்போம். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய ஒண்ணாம் பாடுதான் இருப்பதிலேயே நல்ல இடம். அது விழுந்தவன் வீட்டில் அன்றைக்கே கறிக்குழம்பு கொதிக்கும். கடைசிப் பாடு விழுந்தவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். இப்படியே பழகிய ஜனம் பம்பில் ஒன்று என்று பார்த்தால் என்ன நினைக்கும்? படித்தவர்கள் வந்து சோதித்துப் பார்த்து, நல்ல தண்ணீரிலிருந்து வரிசையாக நம்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தது.

ஒரு நாள் காலை அண்ணி இறால் உரித்துக்கொண்டே என்னைக் கேட்டாள். "நம்பரு போட்டவ நீதானே? ஒண்ணுதான் நல்ல தண்ணியாமே, நெசமா?" எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. முடிவு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து நாள் கையுறை போட்டுக்கொண்டு ஆராய்ச்சிக்காரர்களோடு திரிந்த திமிர் எனக்கு. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுலயே எடு அண்ணி" என்றேன். அதன் தண்ணீர் மற்றதைவிடக் கொஞ்சம் தித்திப்பாகவும் இருந்ததா, ஊரே அங்கே வரிசை கட்டியது. நீலப் பெயிண்ட் மங்கினால் பொங்கலுக்குப் படகுக்கு அடிக்கும்போது யாராவது அந்த ஒன்றையும் திரும்ப அடித்துவிடுவார்கள்.

பேப்பர் வரவில்லை. ஆறு மாசம் கழித்து மேடத்துக்குப் போன் போட்டேன். "இன்னும் முடியலம்மா" என்றாள். அப்புறம் கேட்டபோது மீட்டிங்கில் இருந்தாள். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. நானும் கல்யாணமாகி பழவேற்காட்டுக்கு வந்துவிட்டேன். கடைத்தெருவில் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. மறந்தே போனேன். அண்ணி மறக்கவில்லை. கருவாடு விற்க இக்கரைக்கு வரும்போதெல்லாம் சென்டர் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, எல்லாக் காகிதமும் என்னிடம்தான் வரும் என்கிற நினைப்பில் கேட்பாள். "வந்துச்சா?" எனக்குச் சில நாள் எரிச்சல்கூட வரும். "வந்தா சொல்லமாட்டனா அண்ணி?" என்று ஒருதரம் கத்தியிருக்கிறேன். கஸ்டமர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சத்தமில்லாமல் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் போயிற்று. படகு, பஸ், ரயில் என்று வாரம் இரண்டு தடவை சென்னைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவாள். ஒன்றரை வருஷம் தாங்கினாள். படகில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போதும் ஒருமுறை கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு முகமெல்லாம் வீங்கி, பேச்சு குழறியது. கேள்வி மட்டும் தெளிவாக இருந்தது.

போன மழைக்காலத்தில் எங்கள் ஏரியைப் பற்றிப் படிக்கிற ஒரு காலேஜ் பெண் சென்டருக்குப் படிவம் அச்செடுக்க வந்தாள். என் ஊரைச் சொன்னதும், "உங்க ஊர்த் தண்ணியை முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருக்காங்களே அக்கா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. அவள் போனில் அந்த ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடிக் காட்டினாள். தலைப்பும் நாலு வரியும் தெரிந்தது. மீதியைப் பார்க்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டுமாம். எங்கள் பம்பு, எங்கள் ரத்தம், நான் கட்டணம் கட்டி எட்டிப்பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் என்னைவிடக் கோபப்பட்டாள். "உலக நாடுகள் சேர்ந்து எழுதின மனித உரிமைப் பட்டியல்ல இதுவும் இருக்குக்கா. அறிவியலோட பலன்ல எல்லாருக்கும் பங்கு உண்டு" என்றாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. பங்கு என்றால் என்ன என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடு சீட்டில் ஒருத்தனுக்கு முறை விட்டுப்போனால் ஊர்க்கூட்டத்தில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதில் பெண்களுக்குப் பேர் கிடையாது, அது வேறு சண்டை. ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு அந்த ரத்தத்தில் தெரிந்ததில் பங்கு உண்டென்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

மேடத்துக்கு மெயில் எழுதினேன். மூன்றாவது மெயிலுக்குப் பதில் வந்தது. அறிக்கையை அப்போதே மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். ஊரில் பீதியைக் கிளப்ப வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லவில்லையாம். வருந்துகிறாளாம். அறிக்கையையும் இணைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷம் காத்தது ஒரு நிமிஷத்தில் திரையில் வந்து நின்றது.

ஆறு பம்புக்கும் ஒரு அட்டவணை. ஐந்து பம்பில் உப்பு அதிகம், மற்றபடி தொந்தரவில்லை. ஒண்ணாம் நம்பரில் மட்டும் காட்மியம் என்கிற உலோகம் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே. அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசி கிடையாது. வருஷக்கணக்கில் குடித்தால் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். அடுத்த அட்டவணையில் பெண்கள். பேர் இல்லை, எண்தான். மூன்றாவது வரியில் அவள் இருந்தாள். வயது சரியாக இருந்தது. அவள் ரத்தத்தில் அப்போதே கூடுதல். கடைசிப் பக்கத்தில் ஒத்துழைத்த கிராம மக்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். இதனால்தான் அண்ணி போனாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். அந்த நேர்மை என்னைத் தூங்கவிடவில்லை. அவள் அதைக் குடிக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஒரு அண்ணி, குடிக்காவிட்டாலும் போயிருப்பாள் என்று ஒரு அண்ணி, இரண்டு பேராக வந்து நிற்கிறாள். அதைவிட அவசரமாக ஒன்று இருந்தது. அண்ணனும் பத்தாவது படிக்கிற அவன் மகளும் இன்னமும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு முதல் படகில் போனேன். ஒண்ணாம் பம்பில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். "இதுல அடிக்காதீங்க, தண்ணி சரியில்ல" என்றேன். "இன்னா பாப்பா சொல்ற? ஒண்ணாம் நம்பராச்சே!" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பினாள். அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடி அந்த பம்பின் கைப்பிடியைக் கழற்றியது, அது பிறகு. அப்போது எனக்கு அண்ணனைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

அண்ணன் வீட்டு முன்னால் மணலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டை எடுத்துக்கொண்டிருந்தான். காகிதத்தை நீட்டினேன். "இங்கிலீசுல கீதே. இன்னா எழுதிருக்கு?" என்றான். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இது அண்ணி" என்றேன்.

"அப்பவேவா?"

"அப்பவே."

நண்டைக் கூடையில் போட்டான். பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "ஆரம்பத்துல ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு சொன்னா. டாக்டரு நல்ல தண்ணியா நெறைய குடிக்க சொன்னாரு. ஒரு சொம்பு குடிச்சிட்டு போதும் போதும்பா. நான்தான் ஒண்ணாம் பம்புல அடிச்சாந்து பக்கத்துல குந்திகினு, இன்னும் ஒரு வாயி, இன்னும் ஒரு வாயின்னு குடிக்க வெச்சேன்."

அவன் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது என்றுதான் வாயைத் திறந்தேன். "அண்ணா, ஒண்ணுலயே எடுன்னு அண்ணிக்கு சொன்னது நான். எனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா சொன்னேன்."

"தெரியும்" என்றான். "அவதான் சொன்னா. பாப்பாவே சொல்லிச்சு, அது படிச்ச பொண்ணுன்னு."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. உள்ளே அவன் மகள் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து வாசலில் நின்று கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, அவளுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தணித்துக் கேட்டான்.

"இதுக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்ல?"

"பாக்கணும்ணா."

"எடுத்தா, நம்மகிட்ட சொல்லுவாங்களா?"