அப்பா ருசி பார்க்காத சைடர்

எங்கள் வீட்டில் என்னைக் கிழவன் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. படிகளை எண்ணாமல் ஏறமாட்டேன். கடையில் எண்ணி வாங்கிய முட்டைகளை வீட்டுக்கு வந்து மறுபடி எண்ணுவேன். கணக்குச் சரியாக வந்தால், ஏதாவது ஒன்று அழுகியிருக்குமோ என்று கவலைப்படுவேன். டேனிஷ் ஊரான ஹேர்னிங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஆப்பிள் மரத்தின் பழங்களை எண்ணும் பொறுப்பும் என்னுடையதே. அந்த ஆண்டு நானூற்றுப் பன்னிரண்டு. புழு விழுந்தவை சேராது.

ஒவ்வோர் இலையுதிர்காலமும் அப்பா அந்தப் பழங்களில் சைடர் என்ற ஆப்பிள் மது செய்வார். பக்கத்து வீட்டு டேனிஷ்காரரிடம் பிழியும் பொறியை இரவல் வாங்கி, சாற்றைப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு மூடிவைப்பார். அது தன்பாட்டில் நுரைத்து அடங்கும். அடங்கிய பிறகு, கொஞ்சம் இஞ்சியும் நாலு கராம்பும் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடுவார். தினமும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பார். போதும் என்று நாக்குச் சொன்னதும் முடிச்சை வெளியே எடுத்துவிடுவார். அவருடைய வித்தை அவ்வளவுதான்.

அந்த ஆண்டு அவரால் ருசி பார்க்க முடியவில்லை. வைகாசியில், நாங்கள் விட்டு வந்த ஊரில் போர் முடிந்திருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கடைசிவரை சண்டை நடந்த இடத்துக்குள்ளே அகப்பட்டிருந்தவர். மற்றவர்களின் உறவுகள் முகாம்களிலிருந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேசத் தொடங்கியபோதும் அவர் பேசவில்லை. தம்பியின் குரலைக் கேட்கும்வரை மதுவைத் தொடுவதில்லை என்று அப்பா மாதாவுக்கு நேர்ந்திருந்தார். குடிக்காத மனிதருக்கு எதற்கு இந்த வாளி என்று அம்மா கேட்டார்.

“அவன்ரை குரலைக் கேட்டால் குடிக்கிறதுக்கு வீட்டிலை ஏதும் இருக்க வேண்டாமோ?” என்றார் அப்பா.

அதைக் கேட்டதிலிருந்து என் கவலைகளில் ஒன்று கூடியது. சைடர் பழுதாகிவிட்டால் சித்தப்பா பேசமாட்டார். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டு அந்த விடைக்கு வந்தேன். படத்தில் மட்டும் பார்த்திருந்த ஒருவருடைய உயிர், எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் அறையில், மூடி போட்ட வாளிக்குள் இருந்தது.

அதைக் கெடுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செத்த வீடென்றால் என்ன சொல்வதென்று எல்லோருக்கும் தெரியும். எங்களுடையது எந்த வகை வீடென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. தேநீர் குடிப்பார்கள், குளிரைப் பற்றிக் கதைப்பார்கள், பேச்சு சித்தப்பாவை நெருங்கும்போது எழுந்து வாளியைப் பார்க்கப் போவார்கள். அப்பா மூடியைத் திறந்து, ருசி சொல்லும்படி கரண்டியை நீட்டுவார்.

வைலேயிலிருந்து ரயிலில் வந்த பெரியம்மா, இதில் வாசமே இல்லையே என்று கைப்பையைத் திறந்து கறுவாப்பட்டை எடுத்துப் போட்டார். கைப்பைக்குள் கறுவா எப்படி வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓகூஸிலிருந்து வந்த மாமா, கேக் மாதிரி மணக்கிறது என்று மிளகு போட்டார். அடுத்த முறை வந்த பெரியம்மா மிளகை அடக்க ஏலக்காய் போட்டார். மாதா கோயில் பூசையில் அப்பாவைக் கண்ட ஒருவர் கூடவே வந்து, மல்லியை வறுத்துப் போட வைத்தார். நாலு கராம்பு பதினேழாகிவிட்டது. ருசி தெரியாத அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், போதும் நிறுத்துங்கள் என்றேன். டேனிஷில் சொன்னேன், அதில் மரியாதைக்குறைவு அவ்வளவாகத் தெரியாது.

மாமா கரண்டியோடு திரும்பினார். “என்ன கிழவா, சுங்கத்திலை வேலை கிடைச்சிட்டுதோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வைகாசிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மாமாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். இவ்வளவு சரக்குக்குள்ளும் இஞ்சி எடுபடவில்லை என்று இருவரும் முதல்முறையாக ஒத்துப்போனதால், அப்பா வாளிக்குப் பக்கத்தில் நின்று இஞ்சி வெட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியை எடுத்த அம்மா அதைக் கொண்டுவந்து அப்பாவின் காதில் வைத்தார். இரைச்சலோடு வந்த குரல் எனக்கும் கேட்டது.

“அண்ணை, நான்தான்.”

சித்தப்பாவிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை நான் எப்போதோ அடுக்கி வைத்திருந்தேன். எங்கே இருக்கிறீர்கள், காயம் உண்டா, சாப்பாடு கிடைக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள், எப்போது விடுவார்கள்.

“என்ன செய்யிறியள்?” என்றது குரல்.

“இஞ்சி வெட்டுறன்.”

“என்னத்துக்கு?”

“ஆப்பிள் சாறுக்கு.”

“தோல் சீவினனீங்களோ?”

“ஓம் தம்பி. சீவிப்போட்டுத்தான்.”

“மெல்லிசா வெட்டுங்கோ.”

“மெல்லிசாத்தான் வெட்டுறன்.”

தன் முறைக்குக் காத்திருந்த யாரோ அந்தப் பக்கம் அவசரப்படுத்த, நாளைக்கு அழைப்பு எடுக்கிறேன் என்று சித்தப்பா வைத்துவிட்டார்.

அப்பா ஒரு கிளாஸ் சைடரை மொண்டு ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்றும் குடித்தார்.

“மிளகு கொஞ்சம் கூடிப்போச்சு, அத்தான்,” என்றார் மாமா, மெதுவாக.

“காணாது, இன்னும் வேணும்,” என்றார் அப்பா.

எல்லோருக்கும் ஒவ்வொரு கிளாஸ் வந்தது. எனக்கு ஒரு கரண்டி. சளி, தடிமனுக்கு அவித்துத் தரும் மல்லித் தண்ணீருக்குள் யாரோ ஆப்பிளைத் தவறவிட்டதுபோல் இருந்தது. பெரியம்மா இருமினார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவின் மிளகைத் திட்டினார். வீடு முழுவதும் சத்தம். இனிக் கதவைத் தட்டி வருபவர்கள் நேரே எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

எனக்கு மட்டும் கோபம். இவ்வளவு காலம் காத்திருந்து வந்த அழைப்பை இருவரும் இஞ்சித் தோலில் செலவழித்துவிட்டார்கள். பதற்றத்தில் மறந்திருப்பார்கள் என்று முடிவுகட்டி, ஐந்து கேள்விகளையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டினேன்.

சொன்னபடி மறுநாள் சித்தப்பா எடுத்தார். அப்பா என் தாளைப் பார்த்தார். ஐந்தையும் வாசித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இங்கை மழை,” என்றார்.

நான் முதலாவது கேள்வியில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே நின்றேன்.