படத்தில் கறுப்பாகத் தெரிந்த புல்

யுத்தம் முடிந்த கையோடு திருச்சி கண்டோன்மெண்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, மேய்ச்சல் தரைகளில் புல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். தாவரவியல் படித்த பெண் என்று கூப்பிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் யாரும் இதை நம்பவில்லை. புல்லைப் பார்க்க ஆகாயத்துக்கு எதற்குப் போக வேண்டும், குனிந்தால் போதாதா என்று கேட்டார்கள். பொறாமையில் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் கையில் கொடுத்த படமே ஸ்ரீரங்கம்தான். இரண்டு பக்கமும் ஆறு, நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர், ஏழு பிராகாரத்தோடும் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. எங்கள் வீடு இருக்குமிடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பெருமாளைத் தலைக்கு மேலேர்ந்து பாக்கறதாவது? அபசாரம்டி. போய் ஸ்நானம் பண்ணிட்டு வா."

பண்ணினேன். மறுநாள் வழக்கம்போல பஸ் ஏறி ஆபீசுக்குப் போனேன்.

படம் படிப்பது எங்கள் ஆபீசில் சுலபமான வித்தை. வெளுப்பாக இருந்தால் மொட்டைத் தரை, கறுப்பாக இருந்தால் பசுமை. மணப்பாறைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இரண்டு மேய்ச்சல் தரைகள் இருந்தன. ஆடுகள் புல்லை வேரோடு பிடுங்கித் தின்கின்றன என்று, யுத்தத்துக்கு முன்பே ஒரு தரையை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். அடைத்தபோது எடுத்த படத்தில் அது சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துக் கிடந்தது. யுத்தம் முடியும்போது எடுத்த படத்தில் கரேலென்று இருந்தது. எங்கள் அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு படங்களையும் சட்டம் போட்டு அறையில் மாட்டிவிட்டார். அடுத்தபடி இரண்டாவது தரையையும் அடைக்கும் உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது.

அதுவும் போனால் அந்த ஊர்க்காரர்கள் ஆடுகளை விற்றுவிட வேண்டியதுதான். அதைச் சொல்ல ஓர் ஆட்டுக்கார அம்மாள் எங்கள் வராந்தாவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பட்டி ஆடு. அடைத்த தரையில் புல்லே இல்லை என்று அவள் சொன்னாள். உள்ளே நுழையக் கூடாது என்று உத்தரவு இருக்கும்போது நீ எப்படிப் பார்த்தாய் என்று அதிகாரி கேட்டார். பார்த்தேன் என்றால் அபராதம், பார்க்கவில்லை என்றால் பொய். படம் பொய் சொல்லுமா என்று அதிகாரி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்துவைத்தோம்.

அந்தப் படங்களோடு ஒரு மரப்பெட்டியும் வந்திருந்தது. உள்ளே நாலு கால் வைத்த ஒரு ஜோடி பூதக்கண்ணாடி. அதற்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர், நாங்கள் இரட்டைக்கண்ணாடி என்போம். மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க அது உதவிற்று. ஒரு நாள் மழை, வேலையும் இல்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த அச்சுக் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். விமானம் போகப் போக ஒரே நிலத்தை இரண்டு படத்தில் வருகிற மாதிரி எடுப்பார்களாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்குமாம். ஆசையோடு யுத்தகாலப் படங்களின் கட்டை எடுத்தேன். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண்கள் மட்டும்தான் இருந்தன.

தலைமை குமாஸ்தாவிடம் போய்க் கேட்டேன். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர், எங்கள் வீதிதான். யுத்தத்தில் காகிதப் பஞ்சம் வந்ததிலிருந்து வந்த உறைகளைப் பிரித்து, உள்புறத்தை வெளிப்புறமாக்கி ஒட்டி மறுபடி அனுப்புகிறவர்.

"ஒரே நிலத்தை ரெண்டு ரெண்டு தரம் பிடிச்சு அனுப்பியிருந்தாம்மா. தண்டம். நல்ல கெட்டிக் காகிதம், வீணாப் போவானேன்னு ஃபைலுக்கெல்லாம் மேலுறை போட்டுட்டேன்" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு ஃபைலாக மேலுறையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கிராமத்தின் ஜோடிப் படம், ஆபீஸ் விளக்குமாறு வாங்கிய கணக்குக்கு உறையாக இருந்தது. பசையை நனைத்துப் பிரித்து, கட்டிலிருந்த அதன் ஜோடியோடு சேர்த்துவைத்து, இரட்டைக்கண்ணாடி மேல் குனிந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று நிலம் எழுந்துகொண்டது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தாழப் பறந்து எடுத்த படம். வேலி தெரிந்தது, காவல்காரன் குடிசை கூரையோடு தெரிந்தது. திறந்திருந்த இரண்டாவது தரையின் ஓரத்தில் அரிசி சிந்தியதுபோலப் பொடிப்பொடியாக ஆடுகள். அடைத்த தரையின் கறுப்பு மட்டும் தரையில் படுத்துக்கிடக்கவில்லை. குடிசைக் கூரையையும் தாண்டி நின்றது.

எந்தப் புல் கூரை உயரம் வளரும்? அது உடைமுள். ஆடுகள் இருந்தவரை முள்கன்று துளிர்விட்டதும் கடித்துவிடும். ஆடுகளை விரட்டினோம், முள் வளர்ந்தது, புல் செத்தது. நான் படித்த படிப்புக்கு இது வீட்டிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். கறுப்பு பசுமைதான். பசுமையெல்லாம் புல் என்று எங்களுக்கு யார் சொன்னது? காவிரிக்கரையில் பிறந்தவர்களுக்குப் பச்சையாக எதைப் பார்த்தாலும் வயிறு நிறைந்துவிடும்.

அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். விருட்டென்று தலையை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய், கையெழுத்துக்குக் காத்திருந்த உத்தரவைக் கிழித்துப் போட்டார். பெரிய மனிதர்கள் தங்கள் தப்பைத் தாங்களே கிழிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

மறுநாள் அவரே காரில் கிளம்பினார். பெண் தனியாகப் போகக் கூடாதென்று தலைமை குமாஸ்தாவையும் ஏற்றிக்கொண்டோம். வேலிக்கு உள்ளே பத்தடிகூட எங்களால் போக முடியவில்லை. முள்ளுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். உமியளவுகூடப் பச்சை இல்லை, வெடித்த மண்தான் இருந்தது. குமாஸ்தா அங்கவஸ்திரத்தை முள்ளிலிருந்து பிய்த்துக்கொண்டு "ரங்கா, ரங்கா" என்று முணுமுணுத்தார்.

ஊருக்குள் அந்த அம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அதிகாரி இறங்கி, தான் கண்டதை ஒளிக்காமல் சொன்னார். நீ சொன்னதுதான் சரி என்றார். இரண்டாவது தரையை அடைக்கப்போவதில்லை, முதல் தரையையும் வெட்டித் திறந்துவிடப் போகிறோம், இனிமேல் தாராளமாக மேய்க்கலாம் என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அவள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதைங்க?" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அவள் பட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். படல் திறந்து கிடந்தது. உள்ளே காய்ந்த புழுக்கையும் ஒரு மண் தொட்டியும்தான் இருந்தன. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. உத்தரவு வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே மணியக்காரர் ஊரில் தண்டோரா போட்டுவிட்டாராம். அத்தனை பேரும் ஒரே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனால் என்ன விலை கிடைக்கும்? வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

"எல்லாம் கறிக்குத்தான் போச்சுங்க" என்றாள்.

அவளுக்குக் காட்டலாம் என்று அந்த இரண்டு படங்களையும் நான் கையில் கொண்டுவந்திருந்தேன். தரையின் ஓரத்தில் அவள் ஆடுகள் அப்படியே மேய்ந்துகொண்டிருந்தன. நான் படங்களைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். கவிழ்த்த பக்கத்தில் குமாஸ்தாவின் அழகான கையெழுத்தில் விளக்குமாறு என்று எழுதியிருந்தது.