அண்டாவில் வெட்டிய வாய்

எங்கள் தெருவில், ஓவியர் வீட்டு மொட்டைமாடியில், பித்தளையில் ஒரு பொம்பளை நிற்கிறாள். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பின்னால் பறக்கிற முந்தானைதான் அவளுக்கு வால். வாயை நன்றாகப் பிளந்திருப்பாள். அதற்குள் ஒரு குழாய்த்துண்டு. ஆனியில் மேற்கேயிருந்து மேகாத்து கிளம்பிவிட்டால் ராப்பகலாகக் கத்துவாள்.

அந்தப் பித்தளை, ஓவியர் பெண்டாட்டிக்குத் தாய்வீட்டில் சீராகக் கொடுத்த அண்டா. அண்ணி முறை வைத்து அந்த அம்மாளைத் தெருவே மைனி என்றுதான் கூப்பிடும். அண்டாவை வெட்ட ஓவியர் உட்கார்ந்த அன்றைக்கு மைனி போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. எதிர்த்தாற்போல் என் வெல்டிங் பட்டறை, நானும் ஓடினேன். அவர் கரிக்கட்டியை எடுத்து, கத்துகிற அந்த வாயைச் சுவரில் வரைந்தார். "இன்னுங் கொஞ்சம் பெருசாத் தொற" என்றார். அதைத்தான் அண்டாவில் வெட்டி மாடியில் ஏற்றினார்.

புரட்டாசியில் விதைக்க மழைக்காற்றுக்குக் காத்திருக்கிற சம்சாரிகள் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். "ஏலே, மைனி கெழக்க திரும்பிட்டாளா?" உள்ளே மைனி சோறு வடித்துக்கொண்டிருப்பார்.

ஓவியர் போனபிறகு, வீட்டை நினைவு இல்லமாக்க ஊரில் கூடிய ஒரு குழுவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மகன் பெங்களூர் போய்விட்டான். மைனிக்குப் பின்கட்டில் அடுப்படியும் ஓர் அறையும் மிச்சம். பார்க்க வருகிறவர்களிடம் குழுச் செயலாளர் சொல்வார்: "மனைவி மேல வச்ச பிரியத்துல செஞ்சது." அடுப்படியிலிருந்து பதில் வரும்: "பிரியம் வச்ச மனுசன் அண்டாவ வச்சிருக்கலாம்லா." மைனி பேச்சே அப்படித்தான். அதைக் கேட்கவே நான் டீ குடிக்கப் போவேன்.

போன ஆனி பிறந்ததுமே மைனி பட்டறைக்கே வந்துவிட்டார்.

"கொழுந்தனாரே, அவளக் கழட்டச் சொல்லல. குழுக்காரவிய விடமாட்டாவ. வாய மட்டும் அடச்சு விடுங்க. சாவுறதுக்குள்ள ஒரு ஆடியாவது நான் கத்தாம இருக்கணும்."

அவள் சுழலுகிற அச்சுக்கு எண்ணெய் விட வழக்கமாக ஏறுகிறவன் நான்தான். அந்தச் சாக்கில் ஏறி, குழாயில் கந்தலைத் திணித்துத் தார் பூசினேன். காற்று பேயாக அடித்தது. அவளிடம் சத்தமே இல்லை. மைனி பகலில் கண்ணசந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர் வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் மாடியைப் பார்த்தார்கள்.

"கத்தும்னு சொன்னாங்களே சார்?"

செயலாளருக்கு முகம் சிறுத்துவிட்டது. சட்டென்று சிரித்தார். "பொம்மை கத்தலன்னா என்ன? ஒரிஜினல் பின்னாடிதான இருக்காங்க."

மொத்தக் கூட்டமும் அடுப்படி வாசலுக்கு வந்தது. நான் டம்ளரோடு அங்கனதான் உட்கார்ந்திருந்தேன்.

"பாட்டி, அதே மாதிரி ஒருக்கா வாயத் தொறங்களேன், போட்டோவுக்கு."

"பல்லு இல்ல தாயி, படம் வெளங்காது" என்றார் மைனி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சும்மா தொறங்க. அந்தக் காலத்துல தெருவே கூடுச்சுல்லா" என்றார் செயலாளர்.

"என்ன சார் இது?" என்றேன்.

"நீங்க டீயக் குடிங்க அண்ணாச்சி. இங்கன அவங்க இருக்கதே குழு தயவுல."

மைனி என்னைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தார். செல்போன்கள் உயர்ந்தன. பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்: "சவுண்டு வரலியே?"

அதற்கப்புறம் எந்த வண்டி வந்தாலும், கடைசியாக அடுப்படிக்குக் கூட்டிவருவது வழக்கமாகிவிட்டது.

ஆடி பிறப்பதற்குள் மைனி மறுபடியும் பட்டறை வாசலில் நின்றார்.

"தொறந்து விட்ருங்க கொழுந்தனாரே. அவ கத்துனா என்னைய விட்ருவாவ."

ஏறினேன். தாரைச் சுரண்டிக் கந்தலை உருவினேன். ஏணியை விட்டு இறங்குவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். வாசலில் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து கைதட்டினார்கள்.

பின்கட்டில் மைனி மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் ஒருத்தரும் இல்லை.